வரிசை யாருக்குச் சொந்தம்? கொம்பைலர்களின் ஐம்பது வருஷ வழக்கு

கொம்பியூட்டர் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் ஆட்களின் கதைதான் கிடைக்கும். கராஜில் கம்பனி தொடங்கியவர், கெம்பஸை விட்டு இடையில் போனவர், கோடீஸ்வரர் ஆனவர். பழக்கங்களுக்கும் வரலாறு இருக்கு. இந்தக் கட்டுரை அப்படி ஒரு பழக்கத்தைப் பற்றியது. ஒரு புரோகிராமில் நாலு தகவலை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுறீங்க. மெஷினுக்கு வசதி என்பதற்காக, கொம்பைலர் உங்களைக் கேட்காமல் அந்த வரிசையை மாற்றி அடுக்கலாமா?

லேசான கேள்வி மாதிரித்தான் தெரியும். 1970களில் ஒரு மொழி இதற்கு 'மாற்றக் கூடாது' என்று பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் பெங்களூரிலும் இருந்த கெட்டிக்காரர்கள் அந்தப் பதிலை மீறாமல் வேலையை முடிக்க வழி தேடினார்கள். சிலருக்குப் பாதி வழி கிடைத்தது. சிலர் கட்டினதைப் பிறகு பிடுங்கி எறிய வேண்டி வந்தது. ஏன் என்று பார்ப்போம்.

லொறியும் பெட்டியும்

முதல்ல பிரச்சினை என்ன என்று விளங்கணும்.

முந்தல் பக்கம் ஒரு இறால் பண்ணைக்குக் கணக்கு வைக்கிற புரோகிராம் எழுதுறோம் என்று வைங்க. ஒவ்வொரு குளத்துக்கும் நாலு தகவல். குளத்தின் தரம்: ஒரு எழுத்து, 1 பைட். பிடித்த இறாலின் நிறை: தசம எண், 8 பைட். தண்ணீரின் நிலை: இன்னொரு எழுத்து, 1 பைட். குளத்து இலக்கம்: முழு எண், 4 பைட். சி மொழியில் இந்த நாலையும் ஒரு கட்டாகக் கட்டுவதற்குப் பேர் 'ஸ்ட்ரக்ட்'. உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு 'புலம்'. டேட்டாபேஸ் பாடத்தில் படிச்ச அதே சொல்தான்.

கூட்டினால் 14 பைட். ஆனா இன்றைக்குள்ள சாதாரண 64 பிட் மெஷினில் இந்தக் கட்டு 24 பைட் பிடிக்கும். 8 பைட் எண் 8ஆல் பிரிபடும் முகவரியில்தான் தொடங்கணும், 4 பைட் எண் 4ஆல் பிரிபடும் முகவரியில் தொடங்கணும் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறதுதான் காரணம். லொறியில் பெட்டி ஏத்துறதை நினைச்சுப் பாருங்க. தட்டில் கோடு போட்டிருக்கு, பெரிய பெட்டியை அந்தக் கோட்டில்தான் வைக்கலாம். முதல்ல ஒரு சின்னப் பெட்டியை வைச்சா அடுத்த கோடு வரைக்கும் 7 பைட் வெறும் இடம். பிறகு பெரிய பெட்டி. அதுக்குப் பிறகு இன்னொரு சின்னப் பெட்டி, 3 பைட் வெறும் இடம், கடைசியில் நடுத்தரப் பெட்டி. 14 பைட் சாமானோடு 10 பைட் காத்தும் ஏறிப் போகுது.

இதையே பெரிசு, நடுத்தரம், சின்னது, சின்னது என்று அடுக்கினா கடைசியில் 2 பைட் மட்டும் வெறுமையாக இருக்கும், மொத்தம் 16 பைட். பத்து லட்சம் பதிவு இருந்தா 24 மெகாபைட் 16 மெகாபைட் ஆகும். தகவலில் ஒன்றும் குறையல்ல. லொறி ஏத்துற எந்த ஆளும் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார். கொம்பைலருக்கும் இது நல்லாத் தெரியும். ஆனா சி மொழியில் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

1973: ஒரு வாக்குறுதி

சி மொழியை பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கினவர் டெனிஸ் ரிச்சி. யூனிக்ஸ் இயங்குதளத்தை அதில் திரும்ப எழுதலாம் என்று கென் தொம்சன் 1972ல் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார். அப்போது அந்த மொழியில் ஸ்ட்ரக்ட் இல்லை. ஸ்ட்ரக்ட் வந்த பிறகு, 1973 கோடைகாலத்தில், பிடிபி-11 மெஷினுக்கான யூனிக்ஸின் கரு சி மொழியில் எழுதப்பட்டது. இன்றைக்கு நம்ம போனுக்குள் இருக்கிற லினக்ஸ் வரைக்கும் நீளும் பரம்பரை அங்கே தொடங்குது.

ஸ்ட்ரக்ட் ஏன் அவ்வளவு உதவியது? அது மெமரியில் கிடக்கும் பைட்டுகளுக்கு ஒரு வரைபடம் மாதிரி. அந்தக் கால யூனிக்ஸில் ஒரு டைரக்டரி என்றால் 16 பைட் துண்டுகளின் வரிசை: முதல் 2 பைட் ஃபைலின் இலக்கம், மிச்சம் 14 பைட் ஃபைலின் பெயர். டிஸ்க்கில் இருந்து 16 பைட்டை அப்படியே மெமரிக்குள் இழுத்து, அதுக்கு மேல இந்த வரைபடத்தை வைச்சுப் பார்த்தா இலக்கமும் பெயரும் பிரிஞ்சு தெரியும். 'நான் நல்லா அடுக்குறேன்' என்று கொம்பைலர் பெயரை முன்னுக்குத் தள்ளியிருந்தா, ஏற்கெனவே எழுதி வைச்ச ஒரு டிஸ்க்கையும் வாசிக்க முடியாமல் போயிருக்கும்.

1989ல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் எழுதப்பட்டபோது இது சட்டமாகவே வந்தது. எழுதின வரிசையில்தான் முகவரி ஏறணும். ஸ்ட்ரக்டின் முகவரியும் முதல் புலத்தின் முகவரியும் ஒன்றாக இருக்கணும். புலங்களுக்கு இடையில் வெறும் இடம் விடலாம், இடம் மாற்றக் கூடாது.

ஆனா அதே தரத்தில் ஒரு வாசலும் திறந்திருந்தது. புரோகிராம் வெளியில் காட்டும் நடத்தை மாறாத வரைக்கும், உள்ளே கொம்பைலர் என்ன மாற்றமும் செய்யலாம். அதாவது, வரிசை மாறினதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிரூபிச்சுவிட்டா, மாற்றலாம். முழு வழக்கும் அந்த 'நிரூபிச்சுவிட்டா' என்ற சொல்லில்தான் தொங்குது.

மெமரி பின்தங்கின காலம்

20 வருஷத்துக்கு யாரும் இதைப் பெரிசாக எடுக்கல்ல. 1990களில் நிலைமை மாறியது. சிப்பின் வேகம் வருஷா வருஷம் பாய்ந்தது, மெமரியின் வேகம் நடந்து வந்தது. 1995ல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கட்டுரையில் இதுக்கு 'மெமரிச் சுவர்' என்று பேர் வைச்சாங்க. சிப் எவ்வளவு ஓடினாலும் தகவல் வந்து சேரும் வரைக்கும் காத்து நிற்கணும் என்பது அவர்களின் வாதம்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் சிப்புக்குப் பக்கத்தில் 'கேஷ்' இருக்கு, பாடப் புத்தகம் பதுக்கு நினைவகம் என்று சொல்லும். மெமரியில் இருந்து கேஷுக்குத் தகவல் ஒவ்வொரு பைட்டாக வராது, ஒரு தடவைக்கு ஒரு கட்டு வரும். இப்போதுள்ள பெரும்பாலான சிப்பில் அந்தக் கட்டு 64 பைட். நம்ம குளத்துப் பதிவு 16 பைட் என்றால் ஒரு கட்டில் நாலு குளம் வரும். 24 பைட் என்றால் மூன்று கூட முழுசாக வராது. இதோடு இன்னொரு யோசனையும் வந்தது. அடிக்கடி தொடுகிற புலங்களை ஒன்றாகப் பக்கத்தில் வைச்சா, ஒரே கட்டில் எல்லாம் வந்து சேரும்.

1998ல் பிரான்ஸின் ரென் நகரத்தில் ட்ரூஒங், போடின், செஸ்னெக் ஆகியோர் புலங்களை இப்படி மாற்றி அடுக்குவதைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷம், 1999ல், த்ரிஷுல் சிலிம்பி, பொப் டேவிட்சன், ஜேம்ஸ் லாரஸ் மூவரின் ஆய்வு வந்தது. அதில் ஜாவா புரோகிராம்களுக்கு ஸ்ட்ரக்டை இரண்டாகப் பிளக்கும் வேலையைத் தானாகவே செய்ய வைச்சாங்க. சி புரோகிராமுக்கு மட்டும் அவங்க செய்த கருவி எதையும் மாற்றாது. எந்தப் புலத்தை எங்கே வைத்தால் நல்லது என்று ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான். அந்த ஆலோசனைப்படி மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் 7.0ல் வெறும் 5 ஸ்ட்ரக்டில் வரிசையை மாற்றினதும் வேகம் 2 முதல் 3 வீதம் கூடியது. லட்சக்கணக்கான வரிகள் உள்ள ஒரு பெரிய மென்பொருளில் ஐந்தே ஐந்து இடத்தைத் தொட்டு இது கிடைத்தது.

கருவி தானாக மாற்றாமல் ஆலோசனையோடு நின்றது ஏன்? அங்கேதான் சிக்கல்.

யாருக்கெல்லாம் வரிசை தெரியும்?

ஒரு கொம்பைலர் புரோகிராமைப் பல சுற்றாக வாசிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'பாஸ்' என்று பேர். புலங்களை மாற்றி அடுக்கும் பாஸ் முதலில் செய்ய வேண்டியது அடுக்குற வேலை கூட இல்லை, விசாரணைதான். இந்த ஸ்ட்ரக்டின் வரிசை வேற யாருக்காவது தெரியுமா என்று ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டணும்.

ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் எழுதியிருக்கா? இன்ரநெட்டில் அனுப்பியிருக்கா? அப்படியென்றால் வரிசை வெளியில் போய்விட்டது, தொடக் கூடாது. அதன் முகவரியை வேறு வகைச் சுட்டியாக மாற்றி யாராவது உள்ளே எட்டிப் பார்க்கிறாங்களா? ஒரு புலத்தின் முகவரியில் இத்தனை பைட் கூட்டினா அடுத்த புலம் என்று கணக்குப் போட்டு நடக்கிறாங்களா? வெளியில் இருந்து வந்த, ஏற்கெனவே கொம்பைல் பண்ணின ஒரு லைப்ரரிக்கு இந்த ஸ்ட்ரக்ட் போகுதா? அந்த லைப்ரரி பழைய வரிசையைத்தான் எதிர்பார்க்கும். ஒரு இடத்தில் 'ஓம்' என்று பதில் வந்தாலும் அந்த ஸ்ட்ரக்டை விட்டுவிடணும்.

இந்த விசாரணைக்கு முழுப் புரோகிராமும் ஒரே நேரத்தில் கண் முன்னால இருக்கணும். ஆனா சி கொம்பைலர் பழக்கமாக ஒவ்வொரு ஃபைலாகத்தான் பார்க்கும். பக்கத்து ஃபைலில் என்ன நடக்குது என்று தெரியாமல் 'பாதுகாப்பு' என்று எப்படிக் கையெழுத்துப் போடுறது? பிழைச்சா புரோகிராம் உடனே நின்றுவிடும் என்றும் இல்லை. குளத்து இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நிறையின் பாதி இருக்கும். கணக்கு அமைதியாகத் தப்பாக ஓடிக்கொண்டே இருக்கும்.

வரிசை ஒரு தடவை வெளியில் போனா திரும்பி வராது என்பதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கு. 1991ல் யூனிகோட் முதல் பதிப்பில் தமிழ் சேர்ந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இருந்த இஸ்கி என்ற 1988 தரத்தைப் பின்பற்றி எழுத்துகளை அடுக்கினார்கள். அதனால் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில், 'ப'வுக்கு முன்னால உட்கார்ந்தது. 'ற' போய் 'ர'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நம்ம அகரவரிசையில் இரண்டுக்கும் இடம் கடைசியில். எண்ணை மட்டும் பார்த்து ஒரு புரோகிராம் பெயர்ப் பட்டியலை அடுக்கினா, 'அன்பு' முதலில் வரும், பிறகுதான் 'அப்பு', 'அம்மா'. அகராதியில் 'அன்பு'தான் கடைசி.

இதைத் திருத்தலாமே என்று கேட்கலாம். முடியாது. அந்த எண்களில் எழுதின கோடிக்கணக்கான பக்கங்கள் ஏற்கெனவே இருக்கு, எழுத்தின் எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. தமிழ்நாடு அரசு 2010ல் யூனிகோடோடு சேர்த்து, எழுத்துகள் அகரவரிசையிலேயே அமைந்த டேஸ்16 என்ற குறிமுறையையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் யூனிகோடின் வரிசை ஒரு எண் கூட நகரல்ல. சரியாக அடுக்க வேணுமென்றால் மேலே தனியாக ஒரு விதிப் பட்டியல் போட்டுத்தான் அடுக்கணும். யூனிக்ஸின் 16 பைட் டைரக்டரிக்கும் இதுக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

பெங்களூரில் இருந்து ஒரு நேர்மையான பதில்

2006ல் ஹியூலெட் பக்கார்ட் கம்பனியின் ராபர்ட் ஹண்ட், சந்தியா மன்னார்சாமி, துருவ சக்ரபர்த்தி மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கம்பனி தன் இட்டேனியம் மெஷின்களுக்கு வைத்திருந்த கொம்பைலரில் இந்த வேலையை உண்மையிலேயே செய்து பார்த்த அனுபவம் அது. ஸ்ட்ரக்டைப் பிளக்குறது, புலங்களை மாற்றி அடுக்குறது, ஒருவரும் வாசிக்காத புலத்தைத் தூக்கி எறியிறது எல்லாம் அதில் இருந்தது. முழுப் புரோகிராமையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேகக் கணக்கு இல்லை. சில புரோகிராம்களில் நல்ல வேகம் கிடைத்தது என்று சொல்லிவிட்டு, கணிசமான அளவு ஸ்ட்ரக்ட்களில் தானாக மாற்ற முடியவில்லை என்பதையும் அவங்களே எழுதினாங்க. ஒன்றில் பாதுகாப்பு நிரூபணம் இடறுது, இல்லாட்டி மாற்றினாலும் லாபம் இல்லை. அதனால மாற்ற முடியாத இடங்களில் புரோகிராமருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கருவியையும் சேர்த்துக் கட்டினார்கள். 'எனக்கு நிரூபிக்க முடியல்ல, உனக்கு உன் கோட் தெரியும், நீ பார்த்துச் செய்' என்று கொம்பைலர் சொல்லுற மாதிரி.

சந்தியா மன்னார்சாமி பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். கோவிந்தராஜனோடு சேர்ந்து 2009ல் இந்த ஆய்வை ஒரு படி கொண்டு போனார். ஒரே ஸ்ட்ரக்டை ஒரு புரோகிராமின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு விதமாகத் தொடலாம். அப்போது எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே வரிசை கிடையாது. தேவையான புலங்களை மட்டும் அந்தந்தப் பகுதிக்கு நகலெடுத்து வைக்கலாம் என்பது யோசனை. இந்தியாவில் வந்த 'லினக்ஸ் ஃபோர் யூ' சஞ்சிகையில் 'கோட்ஸ்போர்ட்' என்ற பத்தியை எழுதினவரும் இவர்தான்.

கட்டினதைப் பிடுங்கின கதை

காசு கொடுத்து வாங்கும் கொம்பைலரில் இருந்தது இலவச உலகத்துக்கு வந்தது 2008ல். ஜிசிசி கொம்பைலரின் 4.3 பதிப்பில் ஸ்ட்ரக்டை மாற்றி அமைக்கும் ஒரு பாஸ் சேர்ந்தது. ஐந்து வருஷம் கழித்து, 2013ல் வந்த 4.8 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டாங்க. சொன்ன காரணம் இரண்டு. எல்லா நேரமும் சரியாக வேலை செய்யல்ல. பல ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் புதிய முறையோடு அது ஒத்துப் போகல்ல, அதனால ஒரே ஃபைலில் எழுதின புரோகிராமுக்கு மட்டும்தான் பயன்படும்.

இதை நான் தோல்வியாகப் பார்க்கல்ல. உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரு கருவி அது. 'பெரும்பாலும் சரி' என்பது அங்கே போதாது. 2020ல், ஒரு ஸ்ட்ரக்ட் வகை எங்கெங்கே வெளியில் தப்பிப் போகுது என்று முழுப் புரோகிராமிலும் தேடிவிட்டு அடுக்குகிற ஒரு புதிய பாஸை ஜிசிசிக்கு முன்வைத்தார்கள். அதுவும் பிரதான ஜிசிசிக்குள் போகவில்லை.

வாக்கே கொடுக்காத மொழிகள்

இதற்குள் வேறு மொழிகள் வேறு வழியில் போய்விட்டன. ஜாவா தொடக்கத்தில் இருந்தே புலங்களின் முகவரியைப் புரோகிராமர் கையில் கொடுக்கல்ல. முகவரி தெரியாதவருக்கு வரிசை மாறினதும் தெரியாது. அதனால ஜாவாவை ஓட்டுகிற மெஷின் தன் இஷ்டத்துக்குப் பெரிசை முன்னால போட்டு அடுக்கும். உங்க ஆண்ட்ரொய்ட் போனில் ஒரு செயலியைத் திறக்கும்போதும் உள்ளே இதேதான் நடக்குது. மெமரி குறைந்த போனை வைச்சிருக்கிற நமக்கு அது பெரிய உதவி, ஒருநாளும் கண்ணில் படாத உதவி.

ரஸ்ட் மொழி 2015ல் 1.0 பதிப்பு வரும்போதே, ஸ்ட்ரக்டின் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2017 ஜூனில் வந்த 1.18 பதிப்பில் கொம்பைலர் உண்மையிலேயே மாற்றி அடுக்கத் தொடங்கியது. வரிசை முக்கியம் என்றால் 'சி மாதிரி வை' என்று புரோகிராமர் ஒரு வரி எழுதணும். சியில் கொம்பைலர்தான் 'ஒருவருக்கும் தெரியாது' என்று நிரூபிக்கணும். ரஸ்டில் 'எனக்கு வேணும்' என்று புரோகிராமர் சொல்லணும். நிரூபிக்கும் பாரம் கை மாறினதும் நாற்பது வருஷச் சிக்கல் ஒரே வரியில் அவிழ்ந்தது.

சி உலகமும் சும்மா இருக்கல்ல. 2017 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 4.13ல் கீஸ் குக் சேர்த்த ஒரு பகுதி, தெரிந்தெடுத்த ஸ்ட்ரக்ட்களின் புலங்களை வேண்டுமென்றே கலைச்சுப் போடும். அங்கே நோக்கம் வேகமே இல்லை. எந்தப் புலம் எத்தனையாவது பைட்டில் இருக்கு என்று தெரிந்தால்தான் தாக்குபவர் குறி வைக்க முடியும், அதைத் தெரியாமல் பண்ணுவதுதான் நோக்கம். கர்னல் எழுதுகிறவர்கள் பாதுகாப்பான ஸ்ட்ரக்ட் எது என்று தாங்களே குறித்துக் கொடுத்ததால் அது முடிந்தது.

கையால் அடுக்கும் வேலையும் ஓயவில்லை. 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8ல் நெட்வேர்க் பகுதியின் முக்கியமான ஸ்ட்ரக்ட்களை மனுஷங்க உட்கார்ந்து மாற்றி அடுக்கினாங்க. நிறையத் தொடர்புகள் ஒரே நேரத்தில் இருக்கும் நிலைமையில் வேகம் 40 வீதம் வரைக்கும் கூடியது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும், சியில் இந்த வேலைக்கு ஆள்தான் தேவைப்படுது.

நமக்கு என்ன?

ஏ.எல். ஐ.சி.டி. படிக்கிறவங்களுக்குப் பைத்தன்தான் பாடம், அதில் இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒரு நாள் சி அல்லது சி++ எழுத வந்தா, பெரிய புலத்தை மேலே, சின்னதைக் கீழே போட்டுப் பழகுங்க. லினக்ஸில் 'பஹோல்' என்று ஒரு இலவசக் கருவி இருக்கு, ஸ்ட்ரக்டுக்குள் எங்கே எத்தனை பைட் ஓட்டை என்று அப்படியே காட்டும். வேற யாரும் நம்பியிருக்கிற ஸ்ட்ரக்ட் என்றால் மட்டும் கை வைக்க முதல் ஒரு தடவை யோசிங்க. ஃபைலில் எழுதினதா, நெட்டில் அனுப்பினதா, வேற ஆளின் லைப்ரரிக்குக் கொடுத்ததா என்று பாருங்க. கொம்பைலர் கேட்கிற அதே கேள்விகள்தான்.

இன்னொன்று. சியில் பாதுகாப்பாக, தானாக, எல்லா ஃபைலையும் பார்த்துப் புலங்களை அடுக்கும் பாஸ் பிரதான ஜிசிசியில் இன்னும் இல்லை. அது ஒரு திறந்த வேலை. மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் பல வருஷம் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் தெரிவானவர்கள். ஜிசிசியும் அந்தத் திட்டத்தில் ஆள் எடுக்குது. 2022ல் இருந்து பல்கலைக்கழக மாணவராக இருக்கணும் என்ற கட்டாயமும் போய்விட்டது. 18 வயது தாண்டிய, ஓபன் சோர்ஸுக்குப் புதியவர் என்றாலும் விண்ணப்பிக்கலாம். முந்தலில் இருந்து ஒருவர் போடக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கல்ல.